உரக்கடைக்கு எதற்கு இடையாள்?

மின்-விலைப்பட்டியல் அனுப்ப எல்லாரும் மிடில்வேர் (நடுவில் நின்று இணைக்கும் மென்பொருள்) வாங்கியே தீரவேண்டும் என்கிறார் நண்பர். ஏன்? மலேசியாவில் 2025 ஜூலை முதல், ஆண்டு வருவாய் 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகளுக்கும் மின்-விலைப்பட்டியல் கட்டாயம்; மிடில்வேர் அல்ல. பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் விற்பவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ஒரே கணக்கு மென்பொருள். போய்ச் சேரவேண்டியதும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் ஒன்றுதான். அதோடு நேரடியாக இணைவதற்கான ஏபிஐ விவரங்களை வாரியமே இலவசமாகத் தருகிறது. உள்நுழைவு டோக்கன் 60 நிமிடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். வேலைதான், ஆனால் சில வரி நிரலில் அடங்கும் வேலை. பத்துக் கிளை, நாலு மென்பொருள் வைத்திருப்பவர் தாராளமாக மிடில்வேர் வாங்கட்டும். ஆனால் உரக்கடைக்கு இடையாளால் ஆபத்தும் உண்டு: அனுப்பிய பில்லை ரத்துசெய்ய 72 மணி நேரமே அவகாசம். வாங்கியவரின் நிராகரிப்புக் கோரிக்கை நடுவில் மிடில்வேரில் எங்கோ சிக்கிக்கிடந்தால், போன நேரத்தை யார் திருப்பித் தருவார்?