பின்சீட்டுக்கும் பத்தாயிரம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையில் வளைவு திரும்பினால் யானை நிற்கலாம். அந்த வழியில், குடித்தவர் ஓட்டும் பைக்கில் ‘பக்கம்தானே’ என்று தொற்றிக்கொள்கிறவரைப் பற்றித்தான் பேச்சு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார், கூட வருகிறவருக்கும் அபராதம் என்றார்கள். உடந்தையாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. சாவியைப் பிடுங்கக்கூடிய ஆள் அவர்தானே! ஆனால் சென்னையில் பிடுங்கினால் ஆட்டோ கிடைக்கும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அஞ்செட்டிக்காரர் என்ன செய்வார்? ராத்திரிக்கு இன்னொரு பஸ் விடுங்கள், அப்புறம் பின்சீட்டுக்காரருக்கு ரசீது கிழியுங்கள்.