வலி என்றால் வலிதான்

"வெயிலோ மழையோ அவனை ஒண்ணும் பண்ணாது. மனசு பேதலிச்சவனுக்கு உடம்புக்கு ஒண்ணும் வராது." தஞ்சாவூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். அப்பட்டமான பொய்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை ஒரு காரணம்தான். பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் என்று நமக்கு வரும் அதே நோய்கள். போதாக்குறைக்கு, ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநோய் மாத்திரைகள் எடையைக் கூட்டும், சர்க்கரையையும் ஏற்றும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

திருவையாற்றுப் பக்கம் என் பெரியம்மா மகன் இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். சம்பா அறுப்பு நேரத்தில் ஒரு மாதமாக, "தம்பி, கால் எரியுதுடா" என்றார். காதில் குரல் கேட்கிறது என்றும் சொல்கிறவர்தானே என்று விட்டுவிட்டோம். நானும்தான் விட்டேன். உள்ளங்காலில் கருவை முள் குத்திப் புரையோடி, நாற்றம் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர், "மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் சத்தம் போட்ட பிறகுதான் சர்க்கரை பார்த்தார்கள். 400-ஐத் தாண்டியிருந்தது. அண்ணனுக்கு இரண்டு விரல் போயிற்று.

2001-இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியபோது நாடே பதறியது. சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்த 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல்நோயாளிக்குச் சமமான சிகிச்சையை மனநோயாளிக்கும் உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமையைப் புறநோயாளி வரிசையில் யார் கேட்கிறார்கள்?

"அவங்க ஊசி போட விடமாட்டாங்க" என்பார்கள். சிலர் விடமாட்டார்கள்தான். ஆனால் மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைக்கப் பொறுமை இருக்கிற நமக்கு, ரத்தம் எடுக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க ஒரு மணி நேரம் இல்லையா? கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாமி ரத்தப் பரிசோதனையைத் தடுக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நாமோ அம்மாவையும் அப்பாவையும் மட்டும் முன்னால் உட்காரவைக்கிறோம். அடுத்த முறை அந்த ஊழியர்கள் வரும்போது, கொல்லைப்புற அறையில் இருப்பவரையும் திண்ணைக்குக் கூப்பிடுங்கள். அவரையும் கையை நீட்டச் சொல்லுங்கள்.