முதல் கத்தி

சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்துக்காரருக்குத் தலையில் கட்டி என்றால், திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனை இருந்தாலும், வண்டி வேலூர் பக்கம் திரும்புவது பழைய வழக்கம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை பங்காருபாளையமும் வேலூரும் வட ஆர்க்காடுதான். அதன் தலைநகரே சித்தூர். 1953இல் ஆந்திரம் தனியானது. நோயாளிகளின் தடம் மாறவில்லை.

அந்தத் தடத்துக்குக் காரணம் உண்டு. மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் பி. ராமமூர்த்தி. சி.டி. ஸ்கேன் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. மூளை அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலை வைத்துத்தான் கட்டியைக் கணித்தார்கள்.

மண்டை ஓட்டின் அடித்தளத்தில் வரும் கார்டோமா, அந்தக் கணிப்புக்கு எளிதில் சிக்காதது. கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியாக இருக்கும் முதுகுநாண் பிறகு மறைந்துவிட வேண்டும். மறையாமல் தங்கிய துணுக்கிலிருந்து இது முளைக்கிறது. எல்லா இடத்துக் கார்டோமாவையும் சேர்த்தே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வரும். மெதுவாக வளரும், எலும்பை அரிக்கும். மூளைத்தண்டு, கழுத்திலிருந்து ஏறும் பெரிய தமனி, பார்வை நரம்பு எல்லாம் பக்கத்திலேயே. இன்று மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை நுழைத்து, மூளை அறுவை மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து எடுக்கிறார்கள். பல நேரங்களில் முழுவதும் எடுக்க முடிவதில்லை.

மிச்சத்துக்குத்தான் கதிர்வீச்சு, நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’. இந்தக் கட்டிக்கு 70 கிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வேண்டும்; மூளைத்தண்டு அவ்வளவைத் தாங்காது. குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும் புரோட்டானை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இல் எழுதினார். 1970களில் ஹார்வர்டு சைக்ளோட்ரானில் இந்தக் கட்டிக்கு அது பலனளித்தது. சென்னை தரமணிக்கு வந்தது 2019இல். தெற்காசியாவிலேயே முதல் மையம், ஆனால் தனியார் மையம்.

எழுபத்து மூன்று ஆண்டுத் தாமதத்தைப் பற்றிப் புலம்பலாம். என் வருத்தம் வேறு. இயந்திரத்தைவிட, யார் கையால் முதல் அறுவை நடந்தது என்பதே இங்கே பெரும்பாலும் விதியைத் தீர்மானிக்கிறது. ஏதோ கட்டி என்று பாதியைச் சுரண்டிவிட்டால், தழும்புக்குள் நடக்கும் இரண்டாவது அறுவை கடினம். கதிர்வீச்சு மருத்துவருக்கும் இடம் குறுகிவிடும். ஆகவே ஆந்திர, தமிழக அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்கள் இந்த அரிய கட்டிகளுக்கு அறுவையையும் புரோட்டானையும் ஒரே சிகிச்சையாகக் கருதி, மாநில எல்லை பாராமல் செலவை ஏற்க வேண்டும்.

வாசகருக்கும் ஒன்று: இந்தக் கட்டி கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்தினால் பார்வை இரட்டிக்கலாம். ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்து, ஒரு கண்ணை மூடினால் அது சரியாகிறதென்றால், கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள்.