'நீ எது?': இரட்டையர்மீது சுமத்தப்படும் ஒருமை

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைச் சிற்றூர்களில் ஒத்த உருவமுடைய இரட்டைக் குழந்தைகள் எதிர்ப்பட்டால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நீ எது?" கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். விடையாகப் பெயரை அவர் எதிர்பார்ப்பதில்லை. மூத்ததா, இளையதா என்று தெரிந்தால் போதும். சில நிமிட இடைவெளியில் பிறந்த வரிசை ஒரு குழந்தையின் முழு அடையாளமாகிவிடுகிறது. இதனை வேடிக்கை என்று கடந்துபோவதே வழக்கம். உண்மையில் இது வளர்ந்தவர்களின் சோம்பலுக்காகக் குழந்தை செலுத்தும் வரி.

குழந்தை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது என்று அஃறிணை முடிபு கொடுத்துப் பேசுவது தமிழின் இயல்பு. மற்றப் பிள்ளைகள் நடக்கவும் பேசவும் தொடங்கியதும் 'அவன்', 'அவள்' என்னும் உயர்திணைக்கு ஏறிவிடுகிறார்கள். இரட்டையர் மட்டும் பத்து வயதிலும் 'எது' என்னும் கேள்விக்குள் நிறுத்தப்படுகிறார்கள். வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று. அசுவினி தேவர்கள் அங்கு இருமையிலேயே சுட்டப்படுகிறார்கள். தமிழில் ஒருமையும் பன்மையும் மட்டுமே உண்டு. மலையாளத்திலும் அவ்வாறே. எல்லையின் இருபுறத்து மொழிகளிலும் இல்லாத இருமையை இருபுறத்து வீடுகளும் பள்ளிகளும் நடைமுறையில் படைத்து வைத்திருக்கின்றன.

அந்த இருமை இரண்டு வழிகளில் இயங்குகிறது. முதலாவது, கலத்தல். ஒருவன் செய்த குறும்புக்கு இருவரும் பெஞ்சின்மேல் ஏற்றப்படுகிறார்கள்; பிறந்தநாளுக்கு இருவருக்குமாக ஒரு பரிசு வருகிறது; ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் 'ரெட்டைக்குக் காய்ச்சல்' என்று செய்தி பரவுகிறது. இரண்டாவது, தரம்பிரித்தல். பிரித்தறிய வேண்டிய தேவை வந்ததும் கைக்கு எளிதில் அகப்படுவது ஒப்பீடு: ஒருவன் படிக்கிறவன், மற்றவன் விளையாட்டுப்பிள்ளை, ஒருத்தி அடக்கமானவள், மற்றவள் வாயாடி. கணக்குத் தேர்வில் மூன்று மதிப்பெண் வேறுபாடு வேறு எந்த இரு மாணவரிடையிலும் பொருட்படுத்தப்படாது. இரட்டையரிடையில் அது தீர்ப்பாகிவிடுகிறது. முதல் வழி குழந்தையைக் கரைக்கிறது. இரண்டாம் வழி உடன்பிறப்பை அளவுகோலாக்கி அதனை அளக்கிறது. இரண்டிலும் அந்தக் குழந்தையை நேராகப் பார்ப்பவர் எவருமில்லை.

இது அரிய விதிவிலக்கு ஒன்றுக்காக எழுப்பப்படும் வாதமன்று. உலகெங்கும் ஏறத்தாழ 1000 பிரசவங்களில் 3 முதல் 4 வரை ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைத் தருகின்றன. எனவே ஓரளவு பெரிய எந்தப் பள்ளியும் இச்சிக்கலை என்றேனும் சந்தித்தே தீரும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அதன் 7ஆம் பிரிவு பெயருக்கான உரிமையையும், 8ஆம் பிரிவு அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் பேசுகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. சட்டம் சொல்வது 'ஒவ்வொரு குழந்தையும்' என்பதே. 'ஒவ்வொரு இணையும்' என்று எங்கும் இல்லை.

இவ்வெல்லைப்புறச் சமூகத்துக்கு இந்த வலி புதிதன்று என்பதே இங்கு முரண். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்ற நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் வடக்கே போனால் 'பாண்டி', தெற்கே போனால் 'மலையாளத்தான்' என்று இப்பகுதியார் பிறருடைய கண்வழியே பெயரிடப்பட்டு வருகிறார்கள். 'எல்லாம் ஒன்றுதானே' என்று வெளியார் சொல்லும்போது இவர்களுக்கு எழும் சினம் நியாயமானது. அதே சொற்றொடரைத் தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் இரு குழந்தைகளை நோக்கிச் சிரித்தபடி சொல்லும்போது மட்டும் அந்தச் சினம் எங்கே போகிறது?

ஊடகங்கள் இதில் முதற்குற்றவாளிகள். மலப்புறம் மாவட்டத்துக் கொடிஞ்ஞி, இரட்டையர் பிறப்பு மிகுந்த ஊர் என்று உலகப் புகழ் பெற்றது. இரட்டையர் குடும்பங்களுக்கென ஒரு சங்கம் 2008இல் அங்கே தோன்றியது. அவ்வூரைப் பற்றி வந்த செய்திகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவது, ஒரே சீருடையில் வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் படமும், ஆசிரியர்கள் குழம்பும் நகைச்சுவையும். அப்படத்தில் நிற்கும் பிள்ளை எதைப் படிக்க விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பது செய்தியாவதில்லை. இத்தகைய காட்சிப்படுத்தல் எல்லை மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடா சான்று. 1934 மே 28 அன்று ஒன்டாரியோவில் ஒத்த உருவமுடைய ஐந்து பெண்குழந்தைகள் தியோன் குடும்பத்தில் பிறந்தனர். மாநில அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டு, சுற்றுலாப் பயணிகள் மறைந்து நின்று பார்க்கும் வகையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தது. 1998இல் அதே அரசு, எஞ்சியிருந்த மூவருக்கும் 40 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க நேர்ந்தது. குழந்தைப் பருவம் மட்டும் திரும்பி வரவில்லை.

தமிழ்த் திரையும் குற்றமற்றதன்று. 1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்', எரிக் கெஸ்ட்னரின் 1949ஆம் ஆண்டு ஜெர்மன் கதை ஹாலிவுட் வழியாக வந்தடைந்த வடிவம். இரட்டைச் சிறுமியர் இடம் மாறுவதைப் பெற்றவர்களே உடனே அறியாமலிருப்பதுதான் அக்கதையை நகர்த்தும் விசை. அரங்கில் கைதட்டல் எழுவது, அறியப்படாமற்போன ஒரு குழந்தைக்காக என்பதை எவரும் எண்ணுவதில்லை. 1998இன் 'ஜீன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. இரட்டை மகன்களுக்கு இரட்டைப் பெண்களே வேண்டும் என்று தந்தை பிடிவாதம் பிடிக்க, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு இல்லாத சகோதரி ஒருத்தி புனையப்படுகிறாள். தனியொருத்தியாக இருப்பதே அங்கு குறைபாடு.

இதற்குத் தீர்வு இருவரையும் வெவ்வேறு வகுப்புகளில் போடுவதே என்று சிலர் விரைந்து முடிவுகட்டுகிறார்கள். சான்றுகள் அவ்வளவு எளியனவாக இல்லை. லூரியாவும் யூதோவிச்சும் ஆராய்ந்த ஐந்து வயது இரட்டைச் சிறுவர்கள், தமக்குள் மட்டுமே விளங்கும் பேச்சில் தேங்கியிருந்தவர்கள்; வெவ்வேறு குழுக்களில் சேர்க்கப்பட்ட சில மாதங்களில் அவர்களுடைய மொழி வளர்ந்தது. ஆனால் இங்கிலாந்து, வேல்சு இரட்டையரைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு, பள்ளித் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டவர்களிடம் மனவாட்டம் கூடியிருந்ததைக் காட்டியது. 2018இல் பிரிட்டன், கியூபெக் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வு, பிரிப்பதால் கல்வி அடைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஆக, எல்லாரையும் பிரி என்னும் விதியும் எல்லாரையும் சேர்த்துவை என்னும் விதியும் ஒரே பிழையின் இரு முகங்கள்: இரண்டும் குறிப்பிட்ட இரு குழந்தைகளைப் பார்க்காமலேயே முடிவெடுக்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2005இல் இம்முடிவில் பெற்றோருக்கு இடமளித்துச் சட்டம் இயற்றியது. குழந்தைகளிடமும், அதுவும் தனித்தனியாக, கேட்பதே முழுமையான வழி.

இரண்டு மறுப்புகள் மதித்து விடையளிக்கத் தக்கவை. ஒன்று, ஏழை வீட்டின் மறுப்பு: ஓணத்துக்கோ கிறிஸ்துமசுக்கோ ஒரே துணியை வாங்கி இருவருக்கும் தைப்பது சிக்கனம், ஒருத்திக்கு நல்லது, மற்றவளுக்கு மட்டமானது என்ற மனத்தாங்கலும் எழாது. அந்தத் தாயின் நீதியுணர்வைப் பழிப்பது அறிவீனம். உடை ஒன்றாக இருப்பதில் தீங்கில்லை. உடை ஒன்றென்பதால் உள்ளிருப்பவரையும் ஒன்றென்று கொள்வதே தீங்கு. மற்றொன்று, பாசத்தின் மறுப்பு: இரட்டையர் பிணைப்பு அரியது, அதை அறுக்கலாகாது என்பது. அறுக்கச் சொல்பவர் எவருமில்லை. இலக்குவனும் சத்துருக்கனனும் சுமித்திரை பெற்ற இரட்டையர். ஆயினும் இராமகதை கேட்டு வளர்ந்தவர் எவரும் அவ்விருவரையும் இணையாக நினைப்பதில்லை. இலக்குவனுக்கு இராமனோடும், சத்துருக்கனனுக்குப் பரதனோடும் தனித்தனி உறவு அமைந்தது. அந்த உறவே ஒவ்வொருவரையும் தனியாளாக்கியது. ஒரு குழந்தை தனியாளாவது உடன்பிறந்தவரிடமிருந்து பிரிக்கப்படுவதால் அன்று. மூன்றாம் மனிதர் ஒருவர் அதனைத் தனியே அறிந்துகொள்வதால்.

அறிய முடியவில்லை என்பது சாக்குப்போக்கு. பரம்பரையின் ஆற்றலை அளக்க 1875இல் இரட்டையரைக் கருவியாக்கிய கால்ட்டனே, 1892இல் எழுதிய விரல்ரேகை நூலில் அவர்களுடைய ரேகைகள் ஒத்திருந்தாலும் ஒன்றல்ல என்று பதிவு செய்தார். 2022 பஞ்சாப் சட்டமன்றத் தேர்தலில், ஒட்டிப் பிறந்த சகோதரர் இருவருக்குத் தேர்தல் ஆணையம் தனித்தனி வாக்குரிமை அளித்தது; ஒருவர் வாக்கு மற்றவருக்குத் தெரியாதிருக்கக் கண்மறைப்பும் ஏற்பாடாயிற்று. ஒட்டிய உடலில் இரு குடிமக்களை அரசால் காண முடிந்தது. இரு வேறு இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவரை ஒரு வகுப்பறையால் காண முடியாதா?

அங்கன்வாடியில் இருவரின் எடையும் இரண்டு வளர்ச்சி அட்டைகளில் தனித்தனியே ஆராயப்படட்டும். ஒருவரின் நலிவு மற்றவரின் நலத்தில் மறைந்துவிடக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி நேரம் ஒதுக்கப்படட்டும். கூட்டுத் தண்டனை ஒழியட்டும். ஒருவரின் மதிப்பெண் மற்றவரின் முன்னிலையில் உரைகல்லாக வேண்டாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. 'நீ எது?' என்பதைவிட 'உன் பெயர் என்ன?' என்பதில் ஒரு சொல்தான் கூடுதல். கேட்டபின் அப்பெயரை அந்த முகத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் இதுவரை தட்டிக்கழித்து வந்த உழைப்பு அது ஒன்றே.