களைப்பு என்று சொல்லிக் கைவிடலாமா?

எமது தோட்டங்களில் களைப்பு என்ற சொல்லுக்கு யாரும் காது கொடுப்பதில்லை. பெரட்டுக்குப் பிந்தி வரும் பெண் களைப்பாக இருக்கிறது என்றால் கங்காணி அதைச் சாக்கு என்கிறார். டிஸ்பென்சரியில் சொன்னால் இரத்தம் குறைவு என்று ஒரு பொட்டலம் இரும்புச்சத்துக் குளிசை கிடைக்கிறது. வீட்டில் சொன்னால் சோம்பேறி என்ற பட்டம். மலையில் மயங்கி விழுந்தால் காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்க ஆள் தேடுகிறார்கள். காலை ஒரு ரொட்டித் துண்டோடும் தேத்தண்ணியோடும் மலையேறி, கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்பவர் களைக்கத்தான் செய்வார். இரத்தச்சோகையும் எமது பெண்களிடம் உண்டுதான். ஆனால் எல்லாக் களைப்பையும் இந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால், உயிருக்கு ஆபத்தான சில நோய்களும் அதற்குள் மறைந்து போகின்றன என்பதே எமது கவலை.

உடலில் மூன்று சுரப்பிகளை நினைவில் வையுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் தைரொயிட். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல அதிரீனல். மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் கபச் சுரப்பி. தைரொயிட் உடல் எனும் அடுப்பின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. அதிரீனலில் சுரக்கும் கோட்டிசோல், நாம் சாப்பிடாத நேரத்திலும் ஈரலைக் கொண்டு சீனியைத் தயாரிக்கச் செய்து, இரத்தத்தில் அது விழுந்து விடாமல் தாங்குகிறது. கபச் சுரப்பிதான் இவ்விரண்டையும் வேலை வாங்கும் கங்காணி. கங்காணி படுத்து விட்டால் இரண்டு கொந்தரப்பும் நின்று போகும். அப்போது உடல் குளிரும், இரத்த அழுத்தம் இறங்கும், ஒரு வேளைச் சாப்பாடு தப்பினாலே சீனி இறங்கித் தலை சுற்றும்.

கங்காணி ஏன் படுக்கிறார்? எமது தாய்மாரைப் பொறுத்தவரை முக்கியமான ஒரு காரணம் பிரசவம். கர்ப்ப காலத்தில் கபச் சுரப்பி பருக்கிறது. அதற்கு வரும் இரத்தம் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. பிள்ளை பிறந்தபின் கட்டுக்கடங்காமல் இரத்தம் போனால், பசித்துக் கிடக்கும் அந்தச் சுரப்பியே முதலில் செத்துப் போகலாம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணியாற்றிய ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் இதை விளக்கமாக எழுதினார். அவர் பெயராலேயே நோய் அழைக்கப்படுகிறது. பணக்கார நாடுகளில் இன்று இது அரிது. பிரசவத்தில் இரத்தம் போனால் உடனே இரத்தம் ஏற்ற முடியாத இடங்களில்தான் அதிகம். இன்று எமது பெண்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெறுகிறார்கள் என்பது உண்மை, நல்ல முன்னேற்றம். ஆனால் இன்று ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர் லயத்துக் காம்பராவில், மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை பெற்றவர்கள்! எத்தனை பேர் தோட்டத்து லொறியில் ஏற்றப்பட்டு, வழியெல்லாம் இரத்தம் சிந்திக்கொண்டு வந்தவர்கள்! இந்த நோய் மெதுவாகவே தலைகாட்டும்; பத்து, இருபது வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

பொகவந்தலாவைப் பக்கம் நாம் அறிந்த தாய் ஒருவர் உண்டு. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு பால் சுரக்கவில்லை, மாதவிடாயும் திரும்பவில்லை. "சரீரம் வத்திப் போச்சு சாமி" என்பார். அக்குளில் ரோமம் உதிர்ந்ததை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு சுவெட்டர் போட்டும் குளிர் போகாது. நுவரெலியா நகரே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இந்தப் பிரதேசத்தில் ஒருத்தி குளிர்கிறது என்றால் யார்தான் கவனிப்பார்கள்? வருடக்கணக்கில் அவருக்கு இரும்புச்சத்தும் விற்றமினும் கிடைத்தன. ஒரு தடவை காய்ச்சலும் வாந்தியும் கண்டு சுயநினைவில்லாமல் கொண்டு போனபோதுதான், ஒரு இளம் வைத்தியர் சீனியை அளந்து பார்த்து, பிறகு ஒரு கேள்வி கேட்டார்: கடைசிப் பிள்ளைக்கு நீங்கள் பால் கொடுத்தீர்களா? அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. இன்று அவர் தினமும் குளிசை எடுத்துக் கொண்டு பேரப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிச் செல்கிறார். அந்தக் கேள்விக்குக் காசும் செலவில்லை, கருவியும் தேவையில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது; கிளினிக்குகளில் பணிபுரிபவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். சாதாரணமாகத் தைரொயிட்டைச் சோதிக்க ரி.எஸ்.எச். என்ற பரிசோதனை ஒன்றையே செய்கிறார்கள். அது கங்காணி போடும் சத்தத்தை அளப்பது. தைரொயிட் மட்டும் பழுதானால் சத்தம் கூடும். கங்காணியே படுத்து விட்டால் சத்தம் கூடாது. அறிக்கை "சாதாரணம்" என்றே வரலாம், நோயாளியும் வீட்டுக்கு அனுப்பப்படலாம். அங்கே தைரொக்சினையே நேரடியாக அளந்து பார்க்க வேண்டும். அடுத்தது, இதைவிட ஆபத்தானது. அதிரீனலும் தைரொயிட்டும் சேர்ந்து குறைந்திருப்பவருக்கு முதலில் தைரொக்சின் கொடுக்கக் கூடாது. அது உடலின் ஓட்டத்தைக் கூட்டி, எஞ்சியிருக்கும் கோட்டிசோலையும் சீக்கிரம் கரைத்து விடும். ஆள் அதிரீனல் நெருக்கடியில் விழுந்து சாகவும் கூடும். முதலில் ஹைட்ரோகோட்டிசோன், பிறகுதான் தைரொக்சின். இந்த வரிசை மாறக்கூடாது.

பிரசவத்தோடு சம்பந்தமில்லாமலும் அதிரீனல் கெடுவதுண்டு. 1855இல் தோமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிய நோய் அது. காசநோய் அந்தச் சுரப்பியை அரித்து விடலாம். உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கவும் செய்யலாம். மெலிவு, உப்பின்மேல் ஆசை, எழுந்து நின்றால் தலைசுற்றல். இவற்றோடு முரசும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்துப் போகும். கபச் சுரப்பி கெட்டால் தோல் வெளிறும், இங்கே கறுக்கும். ஆனால் கொழுந்து பறிப்பவர் உள்ளங்கையில் கறை இல்லாதிருக்குமா? வெற்றிலை போடும் வாயில் முரசின் நிறத்தை யார் பார்ப்பார்? புத்தகத்தில் எழுதியிருக்கும் அடையாளத்தை எமது மக்களின் உழைப்பே மூடி விடுகிறது. ஆகவே தழும்புகளையும் முழங்கை மடிப்பையும் பாருங்கள். காசநோய்க்கு முன்பு மருந்து எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று நாமே வரவழைத்துக் கொள்வது. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் "சின்ன வெள்ளைக் குளிசை" என்று கடதாசியில் சுற்றிக் கொடுக்கப்படுவதை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் பலர். அதில் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் இருந்தால், வெளியிலிருந்து வருவதை நம்பிச் சொந்தச் சுரப்பி தூங்கி விடும். காசு முடிந்தது, அல்லது வலி குறைந்தது என்று திடீரென நிறுத்தும் நாளில் அது எழுந்திருக்காது. ஸ்டீரொயிட் கெட்ட மருந்தல்ல. வைத்தியரின் கண்காணிப்பில் எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. பெயர் எழுதாமல் கொடுப்பதுதான் குற்றம். கொடுப்பவரிடம் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எமது தோட்டங்களில் சீனி இறங்கி விழுபவர்களில் பெரும்பாலோர் இந்த அரிய நோய்க்காரர்கள் அல்லர். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்களே. கிளிபென்கிளமைட் போன்ற குளிசை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. தன் வேலையைச் செய்து கொண்டே இருக்கும். வயதானவர்களிடமும் சிறுநீரகம் பலவீனமானவர்களிடமும் அதன் வேகம் ஒரு நாளைத் தாண்டியும் நீளும். கிளினிக் நாளில் நடப்பதைப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கும்; விடியற்காலை குளிசையை விழுங்கி விட்டு, சாப்பிடாமல் முதல் பஸ்ஸில் அட்டனுக்கு இறங்கி, பதினொரு மணி வரை வரிசையில் நிற்பார்கள். அன்று இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பின்பே குளிசை என்று யாராவது சொல்லி வைத்தால் என்ன? சிவராத்திரி, கந்தசஷ்டி, பெரிய வெள்ளி என்று விரதம் பிடிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். கடவுள் கோபிக்க மாட்டார்.

விழும்போது செய்ய வேண்டியது எளிது. வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, தடுமாறும் பேச்சு இவை தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கருவி இருந்தால் அளந்து பாருங்கள்: நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு, 54க்குக் கீழ் என்றால் ஆபத்து. அறிகுறி, அந்நேரம் அளந்த குறைந்த சீனி, சீனி கொடுத்ததும் தெளிவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் விப்பிள் 1930களில் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நீரிழிவு மருந்து எடுக்காத ஒருவருக்கு இம்மூன்றும் பொருந்தினால், காரணத்தைத் தேடாமல் விடக் கூடாது. மூன்றும் பொருந்தாத மயக்கத்துக்கு வேறு காரணம் பாருங்கள். வெளிநாட்டில் "அதிரீனல் களைப்பு" என்று ஒரு பெயரைச் சூட்டி மாத்திரையும் புத்தகமும் விற்கிறார்கள். அப்படியொரு நோய் இருப்பதற்கு அத்தாட்சி இல்லை என்பதே இத்துறை நிபுணர் சங்கங்களின் நிலைப்பாடு. எமது சந்தைகளில் கூவி விற்கும் சத்து டொனிக்கையும் நாம் அதே கணக்கில்தான் வைக்கிறோம்.

தைரொயிட் மட்டும் குறைந்தவர்களே எண்ணிக்கையில் அதிகம். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமானது, கண்டக்கழலை குறைந்தது. இன்று பெண்களிடம் நாம் காணும் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் உடலே தன் சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். தைரொக்சின் மலிவான, நல்ல மருந்து. ஆனால் எமது பெண்கள் அதைக் காலைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள், சில வேளை இரும்புச்சத்துக் குளிசையையும் சேர்த்து! இரண்டும் மருந்தை உடலில் சேர விடாமல் தடுக்கும். எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி. இரும்புச்சத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி. தேயிலை விளைவிக்கும் மக்களுக்கு இதைச் சொல்லாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டிக் கொண்டே போவதில் என்ன பயன்?

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1912இலேயே கட்டளைச் சட்டம் வந்தது. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய புதிய வைத்தியசாலைக் கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்தி, சீனி அளந்து, விற்றமின் கொடுத்து, படம் எடுத்துக் கொண்டு போகும் பழக்கத்தில் எமக்கு நம்பிக்கை இல்லை. சீனி குறைந்தவர் எந்த முகாம் நாளிலும் குறைந்திருக்க மாட்டார். அவர் விழுவது கொழுந்து மலையில், இரண்டாம் நிறுவைக்கு முன்னால். சீனி அளக்கும் கருவி அங்கே, அல்லது பிள்ளைக் காம்பராவில் இருக்கட்டும். அதைப் பயன்படுத்த அங்குள்ள பணியாளருக்கு ஒரு மணி நேரத்தில் கற்றுக் கொடுக்கலாம். கர்ப்பிணித் தாய்மாரின் பதிவேட்டில் பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் போனது, பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பியதா என்று குறிக்க ஒரு வரி சேர்க்கட்டும். ஸ்டீரொயிட் எடுப்பவர் கையில், காய்ச்சல் வந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசி போட வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும்.

தொழிற்சங்கங்களிடம் கேட்பது வேறு. கண்டி வரை போய் வர வேண்டிய நாளில் எமது பெண்ணுக்குப் பேர் போடுவதில்லை. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் சேர்ந்து போகிறது. மாதம் ஒரு கிளினிக் என்றால் இரண்டு மாதத்தில் அவர் நின்று விடுகிறார்; நிற்பது அவர் குற்றமல்ல. அடுத்த முறை கூட்டு ஒப்பந்தம் பேச உட்காரும்போது, கிளினிக் அட்டை காட்டுபவருக்கு அன்றைய பேர் முழுமையாக விழ வேண்டும் என்ற ஒரு வரியையும் மேசையில் வையுங்கள்.