கிருஷ்ணய்யரைப் போற்றுவோர் நிலவரி ரசீதைக் கேட்பது ஏன்?

ஆண்டுதோறும் டிசம்பர் 4 நெருங்கினால் திருவனந்தபுரத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் மீண்டும் மேடையேற்றப்படுகிறார். 2014இல் அந்நாளில் மறைந்த அவரை ‘மனிதநேயர்’, ‘ஏழைகளின் நீதிபதி’ என்று எல்லாக் கட்சியினரும் புகழ்கின்றனர். இப்புகழ்ச்சி எவருக்கும் எந்தச் செலவும் வைப்பதில்லை என்பதே என் புகார்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தலைச்சேரியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1948இல் தாமே சிறையிருந்தவர் அவர். 1957இல் இந்நகரில் பதவியேற்ற ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தார். 1968 முதல் 1971 வரை கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அக்காலத்தில் யூசுஃப் ராவுத்தர் எதிர் சௌரம்மா வழக்கில், இசுலாமியக் கணவனுக்குத் தன் விருப்பம்போல் மணவிலக்குச் செய்யும் எல்லையற்ற அதிகாரம் உண்டு என்ற கருத்து இசுலாமிய நெறிக்கே பொருந்தாது என எழுதினார். 2017இல் முத்தலாக்கைச் செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் அவ்வரிகள் எடுத்தாளப்பட்டன. ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இவ்வளவு காலம் உயிரோடிருப்பது அரிது.

ஆயினும் அவர் விட்டுச்சென்ற மரபை உரசிப் பார்க்க வேண்டிய கல் வேறு: பிணை. ‘பிணையே விதி, சிறை விலக்கு’ என்னும் 1977ஆம் ஆண்டுக் கொள்கையை மேற்கோள் காட்டாத சட்ட மாணவர் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்த மோத்தி ராம் வழக்கை எத்தனை பேர் படிக்கின்றனர்? மோத்தி ராம் ஓர் ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே பிணை வழங்கியும், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டது. பிணை நிற்க வந்த அண்ணன்தம்பி உறவினரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரையும் மறுத்தது. கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவித்தார். தொலைதூர ஊரில் கைதாகும் மலையாளியோ தமிழரோ அவ்வூரில் சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார்.

அக்கேள்வியை இன்று நம்மிடமே திருப்புவோம். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் தென்காசிக்காரர் ஒருவரோ, கட்டடப் பணிக்கு வந்த ஒடியா இளைஞர் ஒருவரோ சிறு குற்றச்சாட்டில் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிணை ஆணை கிடைக்கும். பிறகு இரு பிணையாட்கள் வேண்டும். அவர்கள் கையில் இவ்வூர் நிலத்துக்கு வரி கட்டிய ரசீது வேண்டும். மலையாளத்தில் ‘கரமடச்ச ரசீது’ என்பார்கள். ‘அதிதித் தொழிலாளி’ என்று விருந்தினர் பட்டம் சூட்டும் மாநிலத்தில், அவ்விருந்தினருக்காகத் தன் நிலத்தை ஈடுகாட்ட முன்வரும் வீட்டுக்காரர் யார்?

‘வெளியூர்க்காரர் தலைமறைவாகிவிடுவார்’ என்பது வழக்கமான மறுமொழி. ஒருவரது முகவரியும் வேலையும் குடும்பமும் சரிபார்க்கப்பட வேண்டியவையே. காவல் நிலையத்தில் முறையாகக் கையொப்பமிடச் செய்யலாம். ஆனால், ரசீது உள்ள ஒருவரைத் தேடிப்பிடிக்க முடிவது பணத்தைக் காட்டுகிறதே ஒழிய, வழக்குக்குத் தவறாமல் வரும் நேர்மையைக் காட்டுவதில்லை. மோத்தி ராம் தீர்ப்பின் சாரம் இதுவே.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஏறத்தாழ நான்கில் மூவர். இவர்கள் எல்லோரும் பிணையாள் இன்றி அடைபட்டவர்கள் என்று நான் கூறவில்லை. ஆனால், பிணை கிடைத்தும் வெளியேற முடியாதோர் உள்ளனர் என்பதாலேயே, உள்ளூர்ப் பிணையாள் நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது. 1978இல் சொன்னதை 45 ஆண்டுகள் கழித்து மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் பரிந்துரையாக!

அவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. 2011இல் அவர் தலைமையிலான ஆணையம், இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெறுவோருக்குத் தண்டனையைப் பரிந்துரைத்தது. ஏழைப் பெண்களின் தலையில் விழுந்திருக்கக்கூடிய அதை மறுப்பதும் அவரிடம் கற்ற நீதியுணர்வால்தான். மாலை சூட்டுவோர் இரண்டையும் படிப்பதில்லை; பிழையையும் காண்பதில்லை, பெருமையையும் கடைப்பிடிப்பதில்லை.

எனவே, அடுத்த நினைவேந்தலில் பேசவிருக்கும் வழக்கறிஞர்களிடமும் ஆட்சியாளர்களிடமும் ஒன்றே கேட்கிறேன். பிணை ஆணை பெற்றும் வெளிவர இயலாதோர் இம்மாநிலச் சிறைகளில் எத்தனை பேர் என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிடச் செய்யுங்கள். அவர்களுக்குச் சொந்தப் பிணைமுறி கோரி சட்டப்பணிகள் ஆணையத்தின் வழியே மனுச் செய்யுங்கள். பூஜப்புரைச் சிறைக் கதவு ஒருவருக்கேனும் அதனால் திறக்குமானால், கிருஷ்ணய்யரின் பெயரைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.