கிரைம் நாவல் எழுதுபவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடலாமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மேலூர்ப் பக்கம் அவர் மகள் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். "சார், இலக்கிய மன்ற விழாவுக்கு யாரைப் பேசக் கூப்பிடலாம்?" என்று கேட்டார்.

"கிரைம் நாவல் எழுதுற ஒருத்தரைக் கூப்பிடுப்பா. எப்படி எழுதுறாருன்னு பேசச் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "சார், எட்டாப்புல எங்கிட்ட ராஜேஷ்குமார் நாவலைப் பிடுங்கி வச்சது நீங்கதானே?"

நான்தான். கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கத் திணறுகிற பையன், அந்த நாவலில் பாதியைத் தாண்டியிருந்தான். அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

கோவையில் இருக்கும் ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். 45 வருடம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று வருகிறது. எல்லாமே உயர்ந்த இலக்கியமா என்று வாதாடலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கிற வாசகரை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பது சாதாரண உழைப்பு இல்லை.

நம் விழாக்களுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வருகிறார்கள். பெரிதாகக் கனவு காணச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். மறுநாள் காலையில் எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எழுத்தாளரிடம் அதற்குப் பதில் இருக்கும். எத்தனை மணிக்கு உட்காருகிறார், தெரியாத விஷயத்தை யாரிடம் போய்க் கேட்கிறார், திரும்பி வந்த கதையை என்ன செய்தார் என்று சொல்வார். இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் கட்டுரையில் முன்னுரையை நன்றாக எழுதிவிட்டு முடிவுரையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மர்மக் கதையில் அது நடக்காது. முதல் அத்தியாயத்தில் வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தால், கடைசிக்குள் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

"கொலை, ரத்தம் எல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்று அக்கா கேட்பார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து அட்டைப் படங்களை நானும் வீட்டில் மறைத்துத்தான் வைத்தேன். ஆறாம் வகுப்புக்கு அந்த நாவல்களைக் கொடுக்கச் சொல்லவில்லை. எழுதும் வேலையைப் பற்றி அவரைப் பேசச் சொல்கிறேன். பாதி நேரம் அவர் பேசட்டும், மீதி நேரம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். எழுத்தில் எவ்வளவு வருமானம் வந்தது என்றும் கேட்கட்டும். அதுவும் தெரிய வேண்டியதுதான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் நம் மதுரையிலேயே வாழ்ந்தார். அவருடையது கிரைம் என்பதைவிட மர்மம், அமானுஷ்யம். 'விடாது கருப்பு' டி.வி.யில் வந்த காலத்தில் மறுநாள் வகுப்பு முழுக்க அதே பேச்சாக இருந்தது, நினைவிருக்கிறதா? மேடையில் நன்றாகப் பேசக்கூடியவர். ஒருமுறை அவரைக் கூப்பிடலாம் என்று ஓர் இளம் ஆசிரியை சொன்னபோது, "பேய்க்கதை எழுதுறவருக்குப் பள்ளிக்கூடத்துல என்னம்மா வேலை?" என்று நானே தட்டிவிட்டேன். 2024 நவம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது அந்தப் பேச்சுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இனிக் கூப்பிட முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், இருப்பவர்களை இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஓர் உண்மை. பிடுங்கிய நாவலை அன்று ராத்திரியே நான் படித்து முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை. போனை வைக்கும் முன் அவர் கேட்டார்: "சார், அதுல கொலைகாரன் யாரு?"

எனக்கு மறந்துவிட்டது. மன்னித்துவிடுப்பா.